பிராமரி செய்தால் சைனஸும் தொண்டைக்கட்டும் குறையுமா?

பவானி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பவானிக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. மார்கழி பிறந்தாலே எனக்கு மூக்குத் தொல்லை ஆரம்பித்துவிடும். எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், அப்புறம் இரண்டு கன்னத்திலும் பாரம். வாசலில் கோலம் போடக் குனிந்தால் புருவத்துக்கு மேலே விண்விண் என்று தெறிக்கும். ஈ.என்.டி. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கன்னத்து சைனஸில் உள்சவ்வு கொஞ்சம் தடித்திருக்கிறது, சதை வளர்ச்சி இல்லை, ஆபரேஷன் தேவைப்படாது என்றார். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்று எழுதிக்கொடுத்தார். அடிக்கும்வரை நன்றாக இருக்கிறது, விட்டால் திரும்ப வந்துவிடுகிறது.

இதோடு தொண்டையும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை கணீரென்று இருக்கும் குரல் வியாழக்கிழமை வருவதற்குள் கரகரத்துவிடும். வெள்ளிக்கிழமை வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பின்பெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை. சுக்குக் காப்பி, பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் பார்த்தாகிவிட்டது.

போன வாரம் என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் செய்தால் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு ஏறுமாம். சைனஸ், ரத்தக்கொதிப்பு, தைராய்டு எல்லாம் போய்விடுமாம், மருந்தே வேண்டாமாம். இதில் எவ்வளவு உண்மை? உண்மையான பங்கு கொஞ்சம் இருந்தாலும் முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய எனக்கு ஆசை. வீட்டில் மாமியாரும் என்னோடு உட்காருகிறேன் என்கிறார். அவருக்குக் கண் நீர் அழுத்த நோய் இருக்கிறது, தினமும் சொட்டு மருந்து விடுகிறார். அந்த வீடியோவில் விரல்களால் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு செய்கிறார்கள். அவர் அப்படிச் செய்யலாமா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை யோகா:

டீச்சர், வணக்கம். மதுரையில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். மூக்கடைப்பு, தூக்கமின்மை, படபடப்பு என்று வருகிறவர்களுக்குப் நீங்கள் சொன்ன இந்த வண்டு ரீங்கார மூச்சுப் பயிற்சியான பிராமரிதான் பெரும்பாலும் நான் முதலில் கற்றுத்தருவது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாமியார் விஷயம், அதுதான் அவசரம். கண் நீர் அழுத்தம் உள்ளவர் கண்மேல் விரல் வைக்கவே கூடாது. லேசாக என்றாலும் வேண்டாம். கண்ணை அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். போதாததற்கு இதயத் துடிப்பும் சட்டென்று குறையக்கூடும். கண்ணை மூடாவிட்டால் பலன் போய்விடுமோ என்று அவர் கவலைப்படவும் வேண்டாம். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் எட்டுக் கும்பகங்களை, அதாவது மூச்சுப் பயிற்சிகளைச் சொல்கிறது. அதில் பிராமரியும் ஒன்று. ஆண்வண்டின் ஒலியோடு மூச்சை இழு, பெண்வண்டின் ஒலியோடு மெதுவாக விடு என்பதுதான் அங்கே உள்ள முறை. கண்ணை மூடச் சொல்லவில்லை, காதை மூடவும் சொல்லவில்லை. காதைக் கையால் பொத்திக்கொள் என்பது பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதையில் இருக்கிறது. கண், காது, மூக்கு என்று எல்லா விரலையும் முகத்தில் வைக்கும் சண்முகி முத்திரை வேறு ஒரு பயிற்சி. இரண்டையும் கலந்து வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் மாமியார் கையை மடியில் வைத்துக்கொண்டு, இமையைச் சும்மா மூடி, நிம்மதியாகச் செய்யட்டும். மூச்சைப் பிடித்து நிறுத்துவதும் அவருக்கு வேண்டாம். கண் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 15 மடங்கு. எண் பொய் இல்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. சாதாரணமாக மூக்கு வழியே மூச்சு விடும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடைவிட, ரீங்காரத்தோடு விடும்போது 15 மடங்கு வந்தது. ஆனால் எங்கே அளந்தார்கள் என்பதைத்தான் வாட்ஸ்அப் விழுங்கிவிட்டது. மூக்கிலிருந்து வெளியே வரும் காற்றில் அளந்தார்கள். ரத்தத்தில் அளந்த கணக்கு இல்லை அது. அந்த வாயு வெளியே போகிற மூச்சோடு போய்விடுகிறது. அதனால் உடம்பு முழுக்க 15 மடங்கு ஏறியது, ரத்தக்கொதிப்பு இறங்கியது, தைராய்டு சரியானது என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது.

அப்படியானால் எதற்கு அந்த ஆய்வைப் பெரிதாகப் பேசுகிறோம்? எனக்கு அதில் பிடித்த இடம் இதுதான். கன்ன எலும்புக்குள்ளும் நெற்றி எலும்புக்குள்ளும் இருக்கும் காற்றறைகள்தான் சைனஸ். அந்தச் சுவர்களே நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. கிருமிகளை அடக்குவதும், சளியைத் தள்ளும் நுண்மயிர்களைச் சுறுசுறுப்பாக வைப்பதும் அதன் வேலை. கன்னத்து சைனஸுக்கு மூக்குக்குள் திறக்கும் வாசல் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதுவும் அறையின் மேற்பக்கத்தில் இருக்கிறது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அடியில் தேங்கும் சளி தானாக வடியாது, நுண்மயிர்கள் அதை மேலே ஏற்றித்தான் வெளியே தள்ள வேண்டும். சவ்வு வீங்கினால் வாசல் சுருங்கும், உள்ளே காற்றோட்டம் நின்றுபோகும். உங்களுக்கு வரும் பாரம் அங்கேதான். ரீங்காரம் செய்யும்போது மூக்குக்குள் உள்ள காற்று அதிர்கிறது. அந்த அதிர்வு சின்ன வாசல் வழியாக உள்ளே வெளியே என்று காற்றைத் தள்ளி இழுக்கிறது. அறைக்குள் சேர்ந்திருந்த வாயு வெளியே கொட்டுகிறது. 15 மடங்கு என்பது அந்த அறைகள் காலியாகும் கணக்கு. சைனஸுக்குக் காற்றோட்டம் கிடைத்தது என்பதற்கு அது அடையாளம்.

வாசல் முழுக்க அடைத்திருந்தால் இது நடக்காது. மூக்கில் சதை வளர்ந்து அடைத்திருப்பவர்களுக்கு ரீங்காரம் செய்தாலும் அந்த ஏற்றம் வரவில்லை என்று அதே குழுவினர் பின்னால் காட்டினார்கள். உங்களுக்குச் சதை இல்லை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது, அதனால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். ஆனால் சவ்வு வீக்கத்தைக் குறைப்பது உங்கள் ஸ்ப்ரே. இரண்டும் சேர்ந்தே போகட்டும். அந்த ஸ்ப்ரேயை நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல், குழலைக் காதுப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து அடியுங்கள். பலபேர் நேராக அடித்து மூக்கில் ரத்தக்கசிவு என்று வந்து நிற்கிறார்கள். டாக்டர் சொன்ன காலம்வரை விடாமல் அடிக்கவும் வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

செய்முறை சொல்கிறேன். காலையில் முகம் கழுவி, மூக்கை ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்திவிட்டு, நாற்காலியிலோ பாயிலோ நிமிர்ந்து உட்காருங்கள். உதடு மூடியிருக்கட்டும், ஆனால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் ஒலி தொண்டையிலேயே நின்றுவிடும். தாடையைத் தளர்த்தினால் அதே ஒலி மூக்குக்கும் கன்னத்துக்கும் ஏறும். மூக்கு வழியே சத்தமில்லாமல் மூச்சை இழுங்கள். விடும்போது 'ம்ம்ம்' என்று ஒரே சீராக விடுங்கள். உரக்க வேண்டாம், அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மூக்கின் இரண்டு பக்கமும் கன்ன எலும்பின்மேல் லேசாக வையுங்கள். விரல் நுனியில் கிறுகிறுவென்று அதிர்வு தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். தெரியவில்லையென்றால் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். ஒவ்வொருவர் முகத்துக்கும் ஓர் இடத்தில் அது பளிச்சென்று பிடிபடும்.

இன்னொரு சோதனை: ரீங்காரம் செய்துகொண்டிருக்கும்போதே மூக்கைப் பிடித்து மூடுங்கள். ஒலி உடனே அறுந்து நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் காற்று உதட்டு வழியே கசிகிறது என்று அர்த்தம்.

ஐந்தாறு ரீங்காரம் செய்ததும் நிறுத்திவிட்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். அப்புறம் இன்னொரு சுற்று. இந்த இடைவெளியை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், தொடர்ந்து செய்யச் செய்ய அறைகளில் இருந்த வாயு தீர்ந்துகொண்டே வருகிறது. மூன்று நிமிட மௌனத்துக்குப் பிறகு பழையபடி நிறைந்துவிடுகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். மூச்சின் கடைசிச் சொட்டுவரை பிழிந்து எடுக்க வேண்டாம். தோள் உயர்ந்தாலோ கழுத்து நரம்பு புடைத்தாலோ அங்கேயே முடித்துவிடுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் பலமாக ரீங்காரம் செய்து நான்கே நாளில் நாள்பட்ட சைனஸ் போய்விட்டது என்று 2006இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். அது ஒரே ஓர் ஆளின் அனுபவம். அதை நம்பி உங்கள் தொண்டையை ஒரு மணி நேரம் வருத்தாதீர்கள்.

காய்ச்சலோடு முகம் வலித்தால், கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், தலைவலியோடு கழுத்து விறைத்தால், எந்தப் பயிற்சியும் செய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

திருச்சி குரல் பயிற்சி:

டீச்சர், நான் பேச்சு மற்றும் செவித்திறன் சிகிச்சைத் துறையில் இருக்கிறேன். மூக்கைப் பற்றி அக்கா விரிவாகச் சொல்லிவிட்டார். தொண்டைக்கு நான் இரண்டு வார்த்தை.

ஆசிரியர்களுக்குக் குரல் கட்டுவது பெரும்பாலும் சத்தத்தைத் தொண்டையால் தள்ளுவதால்தான். நாற்பது பிள்ளைகள், மேலே ஃபேன் சத்தம், பக்கத்து வகுப்பில் ஒப்பித்தல், எல்லாவற்றையும் தாண்டிப் பேச வேண்டியிருக்கிறது. ரெண்டு குரல் நாண்களும் பலமாக மோதி மோதிச் சிவக்கின்றன. எங்கள் சிகிச்சையிலும் ரீங்காரம் முக்கியமான பயிற்சி. வாய் மூடியிருக்கும்போது உள்ளே தங்கும் காற்றழுத்தம் குரல் நாண்களைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கிறது. அதனால் மோதல் மென்மையாகிறது, அதே நேரம் ஒலியும் நன்றாக எழும்புகிறது.

எந்தச் சுருதியில் செய்வது என்று குழம்ப வேண்டாம். யாராவது கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்டுவோம் இல்லையா, யோசிக்காமல் வருகிற அந்தச் சுருதிதான் பலருக்கும் பொருந்தும். அதே 'உம்'மை நீட்டினால் உங்கள் ரீங்காரம் தயார். உதட்டிலும் மூக்குப் பாலத்திலும் கூச்சம் மாதிரி ஓர் உணர்வு வரும். அந்த உணர்வை விடாமல் அப்படியே சொல்லுக்குக் கொண்டு போங்கள். ம்ம்ம்மா, ம்ம்ம்மணி, ம்ம்ம்மாமரம். பிறகு முழு வாக்கியம்: 'மணி மாமா மதுரை போனார்.' வகுப்புக்குள் நுழையும் முன் இதைச் செய்துவிட்டுப் போனால் முதல் பீரியடிலேயே வித்தியாசம் தெரியும்.

பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி மட்டும் முங்கும்படி வைத்து, குமிழி வரும்படி 'ஊ' என்று ஊதுவதும் இதே வகைதான். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். குரல் போன நாளில் கிசுகிசுவென்று பேசிச் சமாளிக்காதீர்கள், அதிலும் தொண்டை இறுகும். மெதுவான சாதாரணக் குரலே மேல். கரகரப்பு மூன்று நான்கு வாரம் தாண்டியும் தெளியவில்லையென்றால் ஈ.என்.டி. டாக்டரிடம் குரல் நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வாரக் கடைசியில் கட்டி, திங்கட்கிழமை தெளிகிறது என்பது நல்ல அறிகுறிதான்.

நாகைக் கடலோரம்:

இந்தப் பதில்களைப் படித்ததும் நானும் ஒன்று கேட்கத் தோன்றியது. நாங்கள் வேளாங்கண்ணிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா படகு வைத்துத் தொழில் செய்தவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அரசு மருத்துவமனையில் யோகா பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓம் சொல்லிக்கொண்டே மூச்சு விடச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மாதிரி, வற்புறுத்தவில்லை. அப்பாவுக்குத்தான் தயக்கம். மறுபடி போகவில்லை. ஓம் சொன்னால்தான் பலனா? இன்னொன்று, ரீங்காரத்தின் அதிர்வு, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பைத் தட்டி எழுப்பும் என்கிறார்களே, அது உண்மையா அக்கா?

வைகைக்கரை யோகா:

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நல்ல சேதி ஒன்று என்னிடம் இருக்கிறது. இத்தாலியின் பாவியா நகரில் பெர்னார்டி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 23 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு வேளை லத்தீனில் ஜெபமாலையின் மரியே வாழ்க ஜெபம், இன்னொரு வேளை ஒரு யோக மந்திரம். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற நிதானத்துக்குத் தானாக வந்து நின்றது. ரத்த அழுத்தம் ஏறினால் இறக்கவும், இறங்கினால் ஏற்றவும் கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உணர்விகள் இருக்கின்றன. அவற்றின் எதிர்வினை ஜெபமாலையிலும் மந்திரத்திலும் ஒன்றுபோல் கூர்மையானது.

ஏன் 6? நம் ரத்த அழுத்தத்துக்கே ஏறக்குறைய 10 நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் இயல்பான அலை இருக்கிறது. மூச்சும் 10 நொடிக்கு ஒன்று என்று வந்தால் இரண்டும் இணைந்துகொள்கின்றன. மூன்று நொடி இழுத்து, ஆறேழு நொடி ரீங்காரத்தோடு விட்டால் சரியாக அந்தக் கணக்கு வந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மூச்சு விடச் சொன்னால் வயதானவர்கள் பதற்றப்படுவார்கள். ரீங்காரம் செய்யச் சொன்னால் மூச்சு தானே நீளும். நான் இதை இவ்வளவு விரும்பிச் சொல்லித்தருவதற்கு அதுதான் காரணம்.

என் வகுப்புக்கு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வருவார். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் இரைச்சலிலேயே காலத்தைக் கழித்தவர். உட்கார்ந்தால் வலது கை விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், டிக்கெட் கிழித்த கை. மூச்சை எண்ணச் சொன்னால் எண்ணிக்கையிலேயே அவசரப்படுவார். ரீங்காரத்துக்கு மாற்றினேன். இரண்டாம் சுற்றில் விரல்கள் மெதுவாகும், மூன்றாவதில் நின்றுவிடும். அவர் கவனிக்கவே மாட்டார், நான் கவனிப்பேன். எனக்கு எந்த மெஷினும் வேண்டியதில்லை, அந்தக் கையைப் பார்த்தாலே போதும்.

ஆகவே அப்பா ஓம் சொல்ல வேண்டியதில்லை. ஜெபமாலையை நிதானமாகச் சொல்லட்டும், சும்மா 'ம்ம்ம்' என்று விடட்டும், தாலாட்டு மெட்டையே வாய் மூடிப் பாடட்டும். அந்த யோகா பிரிவுக்குத் திரும்பப் போய் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். ஓம் சொல்ல விரும்புகிறவர்களுக்கு அதன் கடைசி 'ம்' நீளமாக வரட்டும் என்பேன், மூக்கு அதிர்வது அங்கேதான்.

வேகஸ் நரம்பு பற்றி: மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவது வேகஸ் வழியாகத்தான். அதில் சந்தேகம் இல்லை. நீளமாக விட்டால் அந்த நேரமும் நீளுகிறது. குரல்வளைத் தசைகளுக்குப் போகும் நரம்புகளும் வேகஸின் கிளைகள்தான், காதுத் தோலுக்கும் ஒரு சிறு கிளை போகிறது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் 2011இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், ஓம் உச்சரித்தபோது மூளையில் உணர்ச்சிக் கொந்தளிப்போடு தொடர்புள்ள பகுதிகளின் செயல்பாடு தணிந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலித்தபோது அப்படி நடக்கவில்லை. காதுக் கிளை வழியாக வேகஸ் தூண்டப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். மிகக் குறைந்த பேரை வைத்துச் செய்த முதல் கட்ட ஆய்வு. அதிர்வுதான் நரம்பைத் தட்டுகிறது என்று அடித்துச் சொல்ல அது போதாது. மூச்சு நீள்வதே பாதிக்கும் மேலான வேலையைச் செய்கிறது என்பது என் எண்ணம்.

மாத்திரையை மட்டும் அப்பா நிறுத்தக் கூடாது. வீட்டில் பிபி மெஷின் இருந்தால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவையுங்கள். எண் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது டாக்டர் செய்ய வேண்டியது. கடற்கரைக் குடும்பம் என்பதால் இதையும் கேட்கிறேன்: கருவாடு வாரத்தில் எத்தனை நாள்? உப்பைக் குறைத்தால் பிபிக்குக் கிடைக்கும் பலன் பெரிது. அதை விட்டுவிட்டு ரீங்காரத்தை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பவானி டீச்சர்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மூக்கைப் பிடிக்கும் சோதனையை மாமியாரோடு சேர்ந்து செய்தேன், எனக்கு உடனே நின்றது. அவருக்கு உதட்டில் கசிந்தது, இப்போது பழகிவிட்டார். கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார். பல்லைக் கடிக்கக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய உதவி, தாடையை விட்டதும் கன்னத்தில் அதிர்வு ஏறிவிட்டது. 'மணி மாமா' வகுப்பில் பிரபலமாகிவிட்டது, பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

இரண்டு சந்தேகம். விரல் வைத்துப் பார்த்தால் வலது கன்னம் அதிர்கிற அளவு இடது கன்னம் அதிர்வதில்லை. இடது சைனஸ் அடைத்திருக்கிறது என்று அர்த்தமா? அப்புறம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் ஒரே கூச்சல். அவர்களோடு இதைச் செய்யலாமா?

வைகைக்கரை யோகா:

பிள்ளைகளோடு தாராளமாகச் செய்யுங்கள் டீச்சர். சாப்பிட்டு அரை மணி நேரம் போகட்டும். காதைப் பொத்திக்கொண்டு செய்தால் தன் ஒலி மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். உள்ளங்கையால் பொத்தினால் போதும், விரலைக் காதுக்குள் விட வேண்டாம். காதில் சீழ் வடியும் பிள்ளை இருந்தால் அவன் பொத்தாமல் செய்யட்டும். யார் நீளமாக இழுக்கிறார்கள் என்ற போட்டி மட்டும் வேண்டாம். நாலைந்து முறை போதும், கூச்சல் அடங்கிவிடும்.

இடது கன்னத்துக்கு வருகிறேன். விரலில் தெரியும் அதிர்வை வைத்து அடைப்பு என்று முடிவு கட்ட முடியாது. நம் மூக்கு துவாரங்கள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறிக் கொஞ்சம் அடைத்துத் திறப்பவை, அது பெரும்பாலானவர்களுக்கு உள்ள இயல்பு. காலையில் ஒரு முறை, பள்ளி விட்டு வந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள். பக்கம் மாறினால் கவலையில்லை. எப்போதும் இடதே மந்தமாக இருந்து, பாரமும் அந்தப் பக்கமே வந்து, மூக்கில் கெட்ட வாடையும் தெரிந்தால், இடது மேல் கடைவாய்ப் பற்களைக் கவனியுங்கள். அந்தப் பற்களின் வேர் கன்னத்து சைனஸின் தரையை ஒட்டியே இருக்கிறது. வேரில் சீழ் பிடித்தால் ஒரு பக்க சைனஸாகத்தான் வெளியே தெரியும், பல்லில் வலியே இல்லாமலும் இருக்கலாம். எப்போதாவது அந்தப் பக்கம் பல் அடைத்திருக்கிறீர்களா? அப்படியிருந்தால் பல் டாக்டரிடம் ஓர் எக்ஸ்ரே எடுத்து, பழைய ஸ்கேனோடு சேர்த்து ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.